கல்யாணக் காகிதமும் காட்டுப் பத்திரமும்

முகூர்த்த மாதம் முடிந்த கையோடு எங்கள் ஊர் பத்திர ஆபீசுக்கு வந்து பாருங்கள். திண்ணையின் ஒரு முனையில் மருதாணி மங்காத பெண்ணும் புது வாட்ச் கட்டிய மாப்பிள்ளையும் கல்யாணப் பத்திரிகையையும் ஆதார் நகலையும் கையில் வைத்துக்கொண்டு டோக்கனுக்குக் காத்திருப்பார்கள். மறுமுனையில் ஒரு வயிற்றில் பிறந்த நாலு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சொத்தைப் பிரிக்கும் பாகப் பத்திரம் பதிய உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கூட்டமும் போய் நிற்பது ஒரே சார்பதிவாளர் முன்னால்தான். ஒரே கேமரா, ஒரே விரல்ரேகைக் கருவி.

எதிர்த்த கடையில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்த இரண்டு கூட்டமும் வேறு வேறு அல்ல என்பது எனக்குப் புரியவே பத்து வருசம் ஆயிற்று. இன்றைக்குக் கல்யாணத்தைப் பதிகிற காகிதம்தான் முப்பது வருசம் கழித்துத் தோட்டத்தில் யாருக்குப் பங்கு என்று பேசப் போகிறது. அது தெரியாமல் ‘கல்யாணத்துக்கு எதுக்குங்க ரிஜிஸ்டர்’ என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணனே பேசினார். “சின்ன வேலைதானுங்க. தங்கச்சி ஒரு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடோணும். அவளுக்குத்தான் சீரெல்லாம் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சுங்களே.” விடுதலைப் பத்திரம் என்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மடியில் மஞ்சப்பை, பைக்குள் ஆதார். எங்கள் கொங்குப் பக்கம் அப்பாரு என்றால் தாத்தா, அய்யன் என்றால் அப்பா. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “இது உங்க அப்பாரு பூமிங்களா, அய்யன் வாங்கின பூமிங்களா?” அண்ணன் “எல்லாம் ஒண்ணுதானுங்க” என்றார்.

ஒன்று அல்ல.

பூர்வீகம் என்றால் என்ன

அப்பாருவிடம் இருந்து வந்தது எல்லாமே பூர்வீகச் சொத்து, அதில் பேரனுக்குப் பிறந்தவுடனே பங்கு உண்டு என்று நம் ஊரில் பால் சொசைட்டி வரிசையில் நிற்கிறவர் வரைக்கும் சொல்வார். பாதிதான் சரி.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக ஆண் வழியில் இறங்கி, குடும்பத்துக்குப் பொதுவாக இருந்து வரும் சொத்துதான் சட்டம் சொல்லும் கூட்டுக் குடும்பச் சொத்து. அதில்தான் பிறப்பால் பங்கு வரும். அப்பாரு தன் சொந்தச் சம்பாத்தியத்தில் தோட்டம் வாங்கி, உயில் எழுதாமல் 1956-க்குப் பிறகு இறந்திருந்தால் கதை வேறு. அந்தத் தோட்டம் அவர் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவர், இத்தனை பேருக்கும் சரிசமமாகப் பிரியும். அப்படி மகன் கைக்கு வந்த பங்கு அவனுடைய தனிச்சொத்து. அதில் அவன் மகன் ‘எனக்குப் பிறப்புரிமை’ என்று கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் இதை 1986-லேயே சொல்லிவிட்டது, 2016-ல் மறுபடியும் சொன்னது. ஆனாலும் ‘தாத்தா சொத்து பேரனுக்கு’ என்ற சொலவடைக்கு ஆயுசு கெட்டி.

கணக்குப் போட்டால்தான் இது மனதில் நிற்கும். ஒரு பெரியவர், அவருக்கு 6 ஏக்கரா. மனைவி இருக்கிறார். ஒரு மகன், இரண்டு மகள்கள். மூத்தவளுக்கு 1985-ல் கல்யாணம், இளையவளுக்கு 1992-ல். பெரியவர் உயில் எழுதாமல் 2012-ல் காலமாகிறார்.

அந்த 6 ஏக்கராவும் அவரே மஞ்சள் விற்ற காசில் வாங்கியது என்றால் கணக்கு எளிது. மனைவி, மகன், இரண்டு மகள்கள், ஆக நாலு பங்கு. ஆளுக்கு ஒன்றரை ஏக்கரா.

அதுவே 1954-ல் அவர் தன் அய்யனோடும் பங்காளிகளோடும் பிரித்துக்கொண்ட பூர்வீகப் பங்கு என்றால் இரண்டு படியாகப் பிரிக்க வேண்டும். முதல் படியில், பெரியவர் சாவதற்கு ஒரு நிமிடம் முன்பு பாகம் பிரிந்ததாக வைத்துக்கொள்கிறது சட்டம். பெரியவர், மகன், இரண்டு மகள்கள் என்று நாலு பேருக்கும் தலா ஒன்றரை ஏக்கரா. அடுத்த படியில், பெரியவர் பங்கான ஒன்றரை ஏக்கரா மட்டும் அவர் வாரிசுகளுக்குப் போகிறது. மனைவி, மகன், இரண்டு மகள்கள், ஆளுக்கு 37.5 சென்ட். கூட்டிப் பார்த்தால் பிள்ளைகள் மூவருக்கும் தலா 1 ஏக்கரா 87.5 சென்ட், அம்மாவுக்கு வெறும் 37.5 சென்ட். அதே நிலம், அதே குடும்பம். நிலம் எப்படி வந்தது என்பதை வைத்து அம்மாவின் பங்கு ஒன்றரை ஏக்கராவில் இருந்து 37.5 சென்டுக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் ‘அப்பாரு பூமியா, அய்யன் பூமியா’ என்று கேட்காமல் நான் பேனாவைத் திறப்பதில்லை. பதில் தெரியாவிட்டால் மூலப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்வேன். அய்யன் பேரில் விலைக்கு வாங்கிய கிரயமா, பங்காளிகளோடு பிரித்த பாகமா, குடும்பத்தில் யாராவது எழுதிக் கொடுத்த செட்டில்மெண்டா என்று அதில் இருக்கும். பட்டாவைக் காட்டி வாதாடுவார்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. நிலம் வந்த வழியை அது சொல்லாது.

1985-ல் கட்டிக்கொடுத்த மூத்தவளுக்கும் பங்கா என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் மாநிலம் இந்தியாவின் பெரும்பகுதிக்கு முன்னால் ஓடி, நடுவழியில் நின்றது. கலைஞர் ஆட்சியில் கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளையும் மகனைப் போலவே கூட்டுக் குடும்பச் சொத்தின் பங்காளி ஆக்கியது. மத்திய அரசு அதைச் செய்ய இன்னும் பதினாறு வருசம் ஆயிற்று. ஆனால் தமிழ்நாட்டுத் திருத்தத்தில் ஒரு முள் இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன மகளுக்கு இது பொருந்தாது. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பங்கு இல்லை, தங்கைக்கு உண்டு. 1989 வைகாசிக்குப் பதில் தை மாதத்தில் முகூர்த்தம் வைத்ததால் பங்கு போனவர்களை எனக்குத் தெரியும்.

2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தம் அந்த முள்ளை எடுத்துவிட்டது. கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் மகள் மகள்தான். ‘அன்றைக்கு அய்யன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா’ என்ற சண்டை பதினைந்து வருசம் நீதிமன்றங்களில் ஓடி, 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் முடிந்தது. இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருகிறது என்றது உச்ச நீதிமன்றம். ஒரு விலக்கு மட்டும் உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதை இனிக் கிளற முடியாது. வேப்பமரத்தடியில் நாலு பேரை வைத்து எழுதி, பதியாமல் பெட்டிக்குள் போட்ட கூர்ச்சீட்டை, அதாவது பாகம் பிரித்த தாளை, வைத்து ‘அப்பவே பிரிச்சாச்சு’ என்று சொல்வது இப்போது அவ்வளவு எளிதில் எடுபடாது.

மாற்று மதத்தாருக்கு வேறு கணக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் வருச இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன் மகள் வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் முறை. இந்தக் கட்டுரை இந்துக் குடும்பங்களைப் பற்றியது.

கல்யாணத்துக்கு எது சாட்சி

நம் பக்கம் பல கல்யாணங்களுக்கு ஐயர் கிடையாது. சடங்கு தெரிந்த பெரியவரான அருமைக்காரர் முன்னின்று நடத்துவார், நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவார், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இணைச்சீர் என்ற சடங்கில் வந்து நிற்பாள். இது சட்டத்துக்குச் செல்லுமா என்று ஐடி கம்பெனிப் பையன்கள் கேட்கிறார்கள். செல்லும். பெண் வீட்டு வழக்கமோ மாப்பிள்ளை வீட்டு வழக்கமோ, எதன்படி நடந்தாலும் போதும் என்கிறது 1955-ம் வருச இந்து திருமணச் சட்டம். அது தவிர அண்ணா முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த 7ஏ பிரிவு சுயமரியாதைக் கல்யாணங்களுக்கும் சட்டத் தகுதி கொடுத்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டால் கல்யாணம். அக்கினி வேண்டாம், ஏழடி வேண்டாம்.

பதிவு என்பது இதற்கு மேல். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் எல்லா மதத்தவருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. கல்யாணம் நடந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதியாவிட்டால் கல்யாணமே செல்லாது என்று அர்த்தம் இல்லை. அதே மாதிரி, சடங்கு எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாலும் அது இந்துக் கல்யாணம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாணம் மண்டபத்தில் நடக்கிறது, ஆபீசில் அதற்குச் சாட்சி எழுதி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சாட்சியின் அருமை சாவு வீட்டில் தெரியும். வாரிசுச் சான்றுக்கு மனு போட்டால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். ‘இறந்தவரின் மனைவி யார்’ என்பதுதான் முதல் கேள்வி. கல்யாண ஆல்பம் தொலைந்திருக்கும், அருமைக்காரர் போய்ச் சேர்ந்திருப்பார், ரேசன் கார்டில் பெயர் அப்போதுதான் சேர்த்திருப்பார்கள். பதிவு இருந்தால் அந்தக் கேள்வி ஒரே தாளில் முடியும்.

தீர்த்துவிட்டாச்சு என்றால் தீர்ந்ததா

நான் பார்த்த குழப்பங்களில் முக்கால்வாசி இதில்தான். நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். 1975-ல் இருந்து ஆன்லைனிலேயே வருகிறது. மனுசனுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்க வழி இல்லை. கல்யாணத்தைப் பதிகிற ஆபீஸ் விவாகரத்தைப் பதிவதில்லை. விவாகரத்துக்கு ஒரே ஆவணம், நீதிமன்றத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல். குடும்ப நல நீதிமன்றமோ, அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றமோ கொடுப்பது. தம்பதிகள் பிரிந்து பத்து வருசம் ஆனாலும் பத்திர ஆபீசில் அவர்கள் கல்யாணச் சான்றிதழ் புதுசாகவே இருக்கும்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ரிக் வண்டிக்காரர். வருசத்தில் எட்டு மாதம் வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பவர். 2003-ல் மனைவியோடு ஒத்துவரவில்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, போட்ட நகையைத் திருப்பிக் கொடுத்து, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ‘இன்று முதல் ஒருவர் பேரில் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு பொறந்த ஊட்டுக்குப் போய்விட்டார். இவர் கோயிலில் வைத்து இன்னொருத்தியைக் கட்டி, இரண்டு பிள்ளைகள். பதினெட்டு வருசம் இந்த இரண்டாமவள்தான் குடும்பம் நடத்தினாள், வண்டிக் கடன் கட்டினாள், மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். 2021-ல் அவர் போய்ச் சேர்ந்தார். உயில் இல்லை.

சட்டத்தின் கண்ணில் அவர் மனைவி யார்? பொறந்த ஊட்டில் இருக்கும் முதல் மனைவி. இருபது ரூபாய்த் தாள் கல்யாணத்தை முறிக்காது. வழக்கத்தின் வழியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டம் முழுக்க ஒதுக்கிவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். பெரும்பாலும் முடிவதில்லை. முதல் கல்யாணம் நிலுவையில் இருக்கும்போது கட்டிய இரண்டாவது கல்யாணம் செல்லாது. அதைக் கொண்டுபோய்ப் பதிந்திருந்தாலும் செல்லாது. ஆகவே பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு வாரிசுப் பங்கு எதுவும் கிடையாது. அவள் பிள்ளைகள் தப்பித்தார்கள். செல்லாத கல்யாணத்தில் பிறந்தாலும் அவர்கள் சட்டப்படியான பிள்ளைகளே, பெற்றவர் சொத்தில் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு வரும் பங்கிலும் உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இவர் சொந்தமாக வாங்கிய வீடு என்றால், முதல் மனைவி, அவர் மகள், இரண்டாம் வீட்டின் இரண்டு பிள்ளைகள், உயிரோடு இருக்கும் தாயார் என்று ஐந்து பங்கு.

2003-லேயே இருவரும் சேர்ந்து சம்மதத்தோடு கோர்ட்டுக்குப் போயிருந்தால் இத்தனை கண்ணீர் இல்லை. ஒரு வருசம் பிரிந்து இருந்திருந்தால் மனு போடலாம், போட்டபின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இப்போது அந்த ஆறு மாதத்தையும், தகுந்த வழக்கில், நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். 2017 முதல் அப்படி. தீர்ப்பு வந்ததும் மேல்முறையீட்டுக்கான காலம் கழிந்த பிறகே மறுகல்யாணம். நகலை இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம்.

இன்னொரு கற்பனையும் சுற்றுகிறது. விவாகரத்து ஆனால் புருசன் சொத்தில் பாதி பெண்டாட்டிக்கு வந்துவிடும் என்று. வெளிநாட்டுச் செய்தி படித்து வந்த பயம் அது. நம் சட்டத்தில் அப்படிப் பாதிப்பாதி கிடையாது. ஜீவனாம்சம் உண்டு, மொத்தமாக ஒரு தொகை கேட்கலாம், அதை நீதிமன்றம் இருவர் வசதியையும் பார்த்துச் சொல்லும். விவாகரத்து ஆன பின் புருசன் இறந்தால் அவள் வாரிசும் அல்ல. ஆனால் அவளுக்குப் போட்ட நகையும் சீரும் முழுக்க அவளுடையது, மாமியார் பீரோவில் இருந்தாலும். எத்தனை பவுன் போட்டார்கள் என்பதில்தான் சண்டை. 1985-ம் வருச விதிகளின்படி பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த அன்பளிப்புகளுக்கு, யார் கொடுத்தது, என்ன மதிப்பு என்று பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும். மொய் நோட்டில் நூற்றியொரு ரூபாயைக் கூட விடாமல் எழுதி முப்பது வருசம் காப்பாற்றுகிற நாம், ஐம்பது பவுனுக்கு ஒரு தாள் எழுதுவதில்லை.

கையெழுத்து

விடுதலைப் பத்திரத்தின் வாசகம் பழைய வாசகம். ‘எனக்குள்ள பிரிபடாத பாகத்தை விட்டு விடுதலை செய்து கொடுத்தபடியால், இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை.’ நான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். ‘என் வாரிசுகளுக்கோ’ என்ற இடத்தில் பல பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பதிந்தபின் மனம் மாறினால் சும்மா ரத்து செய்ய முடியாது, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று கோர்ட்டில் காட்ட வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கும் பாகத்துக்கும் செட்டில்மெண்டுக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. 2023 ஜூலை முதல் இந்த அளவு. கிரயத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் எழுத வந்துவிடுகிறார்கள்.

பணமே வாங்காமல் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் பெண்களும் உண்டு. நோம்பி, பண்டிகைக்கு வந்து போகப் பொறந்த ஊடு வேண்டும் என்பார்கள். நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொடுப்பதும், இல்லை என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவதும் வேறு வேறு.

பெண்கள் தங்கள் சொத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று பாக்கி. பெண்ணுக்கு வந்த சொத்து எந்த வழியில் வந்தாலும் அவளுக்கே முழு உரிமை. புருசன் இறந்து அவன் பங்கு கைக்கு வந்தபின் மறுகல்யாணம் செய்தாலும் அது போகாது. ஆனால் பிள்ளை இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால் விசித்திரம் நடக்கும். அய்யன் வழி வந்த நிலம் அய்யன் வீட்டாருக்கே திரும்பும். திருப்பூர் கம்பெனியில் இருபது வருசம் தையல் அடித்துச் சேர்த்து வாங்கிய வீட்டுமனையோ, புருசனும் இல்லாவிட்டால், பெற்ற தாய்க்கு முன்னால் புருசனின் வாரிசுகளுக்குப் போகும். ஒரு வெள்ளைத்தாள், இரண்டு சாட்சிக் கையெழுத்து, ஒரு உயில் போதும் அதைத் தடுக்க. பதிவு கூடக் கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது.

அந்த அண்ணன் தங்கை கதைக்கு வருகிறேன். மூலப் பத்திரம் மறுநாள் வந்தது. 1971-ல் அய்யன் பேரில் கிரயம். அய்யன் உயில் எழுதவில்லை, அம்மாவும் இருக்கிறார். மொத்தம் 3 ஏக்கரா 60 சென்ட், கூடவே கெணறும் கரண்ட் சர்வீசும். அம்மா, அண்ணன், தங்கை என்று மூன்று பங்கு போட்டால் ஆளுக்கு 1 ஏக்கரா 20 சென்ட். தாளில் எழுதி இருவர் முன்னாலும் வைத்தேன்.

அண்ணன் ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். தங்கை கேட்டது ஒன்றுதான்.

“அம்மா பேருலயும் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. அவங்க வந்து கையெழுத்துப் போடாம பத்திரம் முழுசா ஆகாதுங்க.”

அவர் தாளை மடித்து மஞ்சப்பையில் ஆதாருக்குப் பின்னால் வைத்தார். “அப்ப நா அம்மாகிட்டப் பேசிட்டு வாரனுங்க” என்று எழுந்தார். அண்ணன்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார்.